ஊசிக்கு முன் ஒரு முகூர்த்தம்

தேதிகளை நான் மறப்பதில்லை. கிள்ளானில் எங்கள் தெருவில் கடைசியாக வெள்ளம் ஏறிய நாள், வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு வந்த நாள், அண்டை வீட்டுச் சீனர் கடையை மூடிய நாள் எல்லாம் கிழமையோடு நினைவில் இருக்கின்றன. "மாமாகிட்ட கேளுங்க, அன்னைக்கு மழையா வெயிலான்னுகூட சொல்லுவாரு" என்று என் தங்கை மகள் கேலி செய்வாள். ஆனால் இதை எழுதும்போது தேதிகளை விட்டுவிடப் போகிறேன். அவளுடைய திருமண நாளும், அவள் அம்மாவின் நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்த நாளும் காலண்டரில் ஒரே தாளில் இருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்று தெரிந்தால் போதும். திருமணம் முதலில் நடந்தது. ஊசி பிறகு.

தங்கை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறாள். சேலைக் கடையில் காசாளர் வேலை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். கணவரின் அக்காவும் அவர்களோடுதான் இருக்கிறார். தம்பியைப் படிக்க வைப்பதற்காகத் திருமணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தம்பி போன பிறகு அந்த வீட்டைத் தாங்கியவரும் அவர்தான். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை, நன்றியும்தான்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததிலிருந்து தங்கைக்கு இருமல். பலகார எண்ணெய் என்றாள். பிறகு கடையின் குளிர்சாதனம் என்றாள். கிளினிக்கில் இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். நிற்காததால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே பார்த்தவர்கள் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இரண்டு நுரையீரலிலும் சிறிதும் பெரிதுமாக உருண்டைகள். யாரோ ஒரு கைப்பிடி கோலிக்குண்டை வீசியெறிந்தது போல இருந்தது என்று தங்கை மகள் என்னிடம் சொன்னாள். படத்தைக் கைப்பேசியில் அனுப்பவும் செய்தாள். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோலிக்குண்டுதான்.

இப்படி இரண்டு பக்கமும் உருண்டைகள் இருந்தால், உடம்பில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் பரவி வந்திருக்கிறது என்றே முதலில் நினைப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். மார்பு, குடல், கழுத்துச் சுரப்பி, வயிறு முழுக்க ஸ்கேன். எதிலும் ஒன்றும் இல்லை. கேட்பவர்களுக்கு நல்ல செய்தி போலத் தோன்றும். எங்களுக்கு அது இன்னும் பெரிய பயமாகிவிட்டது. ஒளிந்திருக்கும் நோய் எப்படிப்பட்டதாக இருக்குமோ என்று. தங்கை இளைக்கத் தொடங்கினாள். நோய் தின்கிறது என்று எல்லாரும் சொன்னோம். அவள் சாப்பிடவே இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நெஞ்சில் ஊசி செலுத்தி ஓர் உருண்டையிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்று மருத்துவமனையில் நாள் கொடுத்தார்கள். அந்த நாளை நாத்தனார் ஒத்திப்போட வைத்தார்.

"ஊசி குத்தினா பரவிடும் தம்பி" என்றார் என்னிடம். "ஸ்ரீ கெம்பாங்கான்ல எங்க சித்தப்பா மருமக இருந்தாளே, நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவ. குத்திப் பாத்தாங்க. ரெண்டு மாசம்தான். போய்ச் சேந்துட்டா."

"அவங்களுக்கு ஏற்கனவே முத்திப் போயிருக்கும்க்கா."

"முத்தினதோ முத்தாததோ, தொடாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு தீபாவளி பாத்திருப்பா. தொட்டதுனாலதானே போனா?"

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. கோயிலில் சொன்னார்கள். சேலைக் கடை முதலாளியம்மா சொன்னார். செராஸிலிருந்து பார்க்க வந்த உறவுக்காரர், படித்தவர், அவரும் தலையாட்டினார். நம் ஆட்களிடம் இந்தப் பயம் வேர்விட்டிருக்கிறது. கத்தி பட்டால் கலைந்துவிடும், அமைதியாக இருப்பதை எழுப்பிவிடக் கூடாது என்று. நான் நிறையப் படிப்பவன். இது தவறு என்று படித்திருக்கிறேன். ஆனாலும் படுத்திருப்பவள் கூடப்பிறந்தவளாக இருக்கும்போது, படித்ததை உரக்கச் சொல்ல வாய் வரவில்லை.

தங்கை மகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவள் மனதில் ஒருவன் இருந்தான். எங்கள் கிள்ளானைச் சேர்ந்தவன், இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கத்தோலிக்கக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்கள். அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். முறுக்கு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்டிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லா சாஞ்சு ஒக்காருங்க தம்பி, நாற்காலி கடிக்காது" என்றாள் என் மனைவி.

"பரவால்ல ஆன்டி, பழக்கம். சர்ச்சுல பெஞ்சு இப்படித்தான்" என்றான். தங்கை மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தங்கையும் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிடித்துவிட்டது. "நல்ல பையன்தாண்ணே. சாமிதான் வேற. ஒரு வருஷம் போகட்டும், எங்க வீட்டுல அண்ணிகிட்ட நான் பதமா பேசி முடிச்சிடறேன்" என்றாள். இருமல் வருவதற்கு முந்திய வருடம் அது. ஒரு வருடம் என்பது அப்போது எங்கள் எல்லாருக்கும் கையில் இருந்த பொருள்.

பொங்கலுக்கு மறுநாள் நாத்தனார் என்னை வரச் சொன்னார். போனேன். தங்கை சோபாவில் போர்த்திக்கொண்டு இருந்தாள். மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். டெங்கிலில் ஒரு குடும்பம் இருக்கிறது, பையன் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை, ஜாதகம் பொருந்துகிறது, விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் மாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் என்று நாத்தனார் சொன்னார்.

"இந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்ல. ஆத்தாளும் கண்ண மூடிட்டா யாரு இருக்கா? நான் எத்தன நாளைக்கு? அவ உசுரோட இருக்கறப்பவே ஒரு தாலி ஏறிடணும். அப்புறம் ஊசியோ கத்தியோ, என்னத்த வேணா போட்டுக்கட்டும்."

கிள்ளான் பையனைப் பற்றி நான் பேச்செடுத்தேன். அவனும் சும்மா இருக்கவில்லை. அவன் அம்மா தேவாலயத்தில் விசாரித்திருந்தார். திருமணத்துக்கு முந்திய வகுப்புகள், அறிவிப்பு, பெண் வேறு மதம் என்பதால் மேலிடத்து அனுமதி, எல்லாம் சேர்ந்து எப்படியும் அரை வருடம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

தங்கை தலையைத் தூக்கினாள். "எனக்கு அரை வருஷம் இருக்காண்ணே?"



"பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டா…" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா அது கல்யாணமாடி? வாடகை வீட்டுக்குப் போடற கையெழுத்து மாதிரி இருக்கும்லா. உங்கம்மா கண்ணால தாலி ஏறறதப் பாக்க வேணாமா?" என்றார் நாத்தனார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் தங்கை மகள் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்தாள். அவனைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தங்கை மகள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"சரின்னு சொல்லிட்டேன் மாமா."

"யாருக்கு?"

"டெங்கிலுக்கு. இவர்கிட்ட ஸ்டேஷன்லயே சொல்லிட்டேன். திட்டுவாருன்னு நெனச்சேன். 'உங்கம்மாவுக்காக வேண்டிக்கறேன்'னு சொன்னாரு. திட்டியிருந்தா தேவலை."

"இன்னும் கொஞ்சம் யோசிம்மா."

"யோசிக்க நேரம் இருந்தாத்தான் இவரையே கட்டிக்குவேனே மாமா."

மாசியில் திருமணம். தங்கை கணவரை இழந்தவள் என்பதால், நானும் என் மனைவியும்தான் மணவறையில் பெற்றோர் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தோம். என் கையின் மேல் அவள் கை, அவள் கையின் மேல் மாப்பிள்ளையின் கை. என் மனைவி செம்பிலிருந்து நீர் ஊற்றினாள். மாப்பிள்ளை நல்லவர், அன்றைக்குப் பதற்றத்தில் நீரைச் சிந்திவிட்டு "சாரி மாமா" என்றார். தங்கை முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மேளம் உச்சத்துக்குப் போகும்வரை இருமலை அடக்கிக்கொண்டிருந்து, தாலி ஏறியதும் அந்தச் சத்தத்தில் இருமித் தீர்த்தாள். தாலி ஏறும்போது பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, போதுமா என்று கேட்பது போல இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் ஊசி. மகள் டெங்கிலில் மறுவீட்டு விருந்துகளில் இருந்தாள். நாத்தனார் வேண்டுதலுக்காகக் கோயிலில் இருந்தார். அதுவரை எல்லா மருத்துவமனைப் பயணங்களுக்கும் தங்கைக்குத் துணையாகப் போனவர் அவர்தான். முதன்முறையாக நான் போனேன். ஊசி போட்டு, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மறுபடி அழைத்தார்கள். அதற்கும் நானே போனேன்.

மருத்துவர் இளம் பெண், நம் ஆள். கோப்பைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"ஆன்டி, ஒரு சந்தேகம். முன்னாடி என்ன ஆப்பரேஷன் பண்ணீங்கன்னு கேட்டதுக்கு, அப்பெண்டிக்ஸ் எடுத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா டாக்டர்."

"ஸ்கேன்ல அப்பெண்டிக்ஸ் அப்படியே இருக்கு. எடுத்தது எப்படி ஆன்டி திரும்ப மொளைச்சுது?"

தங்கை சிரிக்க முயன்றாள். நான் குழப்பத்தோடு, "அது அப்பெண்டிக்ஸ் இல்லையே, அது…" என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அங்கிள் சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

"சொல்லும்மா. இங்க யாரு இருக்கா, நான்தானே" என்றேன் தங்கையிடம். அவள் கையை எடுத்தாள்.

அவள் மகள் ஆறாம் ஆண்டுப் பரீட்சை எழுதிய வருடம் அது. தங்கைக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். சாதாரணக் கட்டிகள், பல பெண்களுக்கு வருபவை. கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு அவற்றை எடுத்தார்கள். என் வீட்டில்தான் ஓய்வெடுத்தாள். அப்போதெல்லாம் அவள் கணவர் வீட்டில், ஓர் ஆண்பிள்ளை வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். கணவனும் மனைவியும் சேர்ந்து அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் சிறு துளைகள்தான், யாரும் சந்தேகப்படவில்லை. வருடங்கள் ஓடின. கணவரும் போய்விட்டார். ஆனால் முதல் தடவை மருத்துவமனையில் கேட்டபோது பக்கத்து நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் எதைச் சொல்லிப் பழகியிருந்தாளோ அதையே சொன்னாள்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"ஆன்டி, ஊசியில வந்தது தசை செல்லு. அமைதியான செல்லு. அது பாக்க கர்ப்பப்பைத் தசை மாதிரி இருக்கு. அது நுரையீரல்ல என்ன பண்ணுதுன்னுதான் ரெண்டு நாளா எங்களுக்குக் கொழப்பம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். "எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம்னு தெரியுமா? அன்னைக்கு எடுத்த கட்டியோட சாம்பிள் இன்னும் வச்சிருக்காங்களான்னு கேக்கணும்."

நான் வருடம், மாதம், கிழமை எல்லாம் சொன்னேன். என் நினைவாற்றலுக்குப் பயன் கிடைத்தது அந்த ஒரு தடவைதான். கிடைத்தும் என்ன?

பழைய மாதிரி கிடைத்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றேதான். அடுத்த சந்திப்புக்கு நாத்தனாரும் வந்தார். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மிக அரிதாகச் சிலருக்குக் கர்ப்பப்பைக் கட்டியின் செல்கள் ரத்தத்தோடு போய் நுரையீரலில் தங்கி, அங்கே உருண்டையாக வளர்ந்துவிடும். படத்தில் பார்த்தால் பரவிய புற்றுநோயைப் போலவே இருக்கும். ஆனால் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கும். இப்போதைக்கு வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

"மாரியாத்தா!" என்று நாத்தனார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "குத்தினாலும் பரவல பாத்தியா, அவதான் காப்பாத்திட்டா."

தங்கை மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப… நான் எவ்வளவு நாள் இருப்பேன் டாக்டர்?"

"நீங்க பேரன் பேத்தி எல்லாம் பாப்பீங்க ஆன்டி" என்று சிரித்தார் மருத்துவர். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

தங்கை சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, மருத்துவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் நாத்தனார் கேட்டார். "கட்டின்னு என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன உன்ன வீட்ட விட்டா தொரத்தியிருப்பேன்? நான் அப்படிப்பட்டவளா?"

"இல்லண்ணி" என்றாள் தங்கை.  பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை நாத்தனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முடியவில்லை. எல்லாருமே தங்கையைக் காப்பாற்றத்தான் பார்த்தோம்.

தங்கை மகளுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். "உங்கம்மாவுக்குக் கேன்சர் இல்லம்மா." அந்தப் பக்கம் அவள் கத்திய கத்தலில் அவள் மாமியார் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது. அழுதாள், சிரித்தாள், அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள், மறுபடி என்னையே வாங்கச் சொன்னாள். அப்புறம் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம்.

"மாமா, அப்பவே ஊசி போட்டிருந்தா எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்தக் குடும்பத்தில் இதற்கு மேல் ஒரு பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"பொங்கலுக்கு முன்னாடிம்மா."

"சரி மாமா" என்றாள்.

அதன் பிறகு அவள் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. மாப்பிள்ளையோடு சண்டை இல்லை. முகத்தில் சோகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெங்கிலிலிருந்து வருகிறாள், அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், நாத்தனாரின் மருந்துகளைப் பிரித்து அடுக்கி வைக்கிறாள். ஒழுங்காக இருக்கிறாள். அந்த ஒழுங்கைத்தான் தங்கையால் பார்க்க முடிவதில்லை. மகள் வீட்டில் இருக்கும்போது இருமல் வந்தால் எழுந்து குளியலறைக்குப் போய்விடுகிறாள். ஒரு தடவை நான் தனியாக இருந்தபோது சொன்னாள்.

"அது கேன்சராவே இருந்திருக்கலாம்ணே."

"என்ன பேச்சு இது?"

"அப்படி இருந்திருந்தா எம்பிள்ள செஞ்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இப்ப நான் உசுரோட இருக்கற ஒவ்வொரு நாளும் அவளுக்கு நஷ்டந்தானே."



இந்த வருட ஸ்கேனுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். மகள்தான் கார் ஓட்டினாள். உருண்டைகள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன என்றார் அதே மருத்துவர். தங்கை மகளின் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சியில் துளி நடிப்பு இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அம்மாவை அங்கேயே கட்டிக்கொண்டாள். தங்கை கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

எனக்குக் கிள்ளானுக்கு ரயில். இருவரும் காரில் என்னை நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தங்கை காரிலேயே இருந்துகொண்டாள். மகள் மட்டும் இறங்கி நுழைவாயில் வரை என்னோடு வந்தாள். கிள்ளான் பக்கமிருந்து ரயில் வந்திருக்க வேண்டும். கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் அந்த முகங்களைப் பார்க்காமல் என் சட்டைப் பையில் சாய்ந்திருந்த கண்ணாடிக் கூட்டை நிமிர்த்தி வைத்தாள்.

"மாமா, அங்க அவரு அம்மாவ எப்பவாவது பாசார்ல பாப்பீங்கல்ல?"

"பாப்பேன். போன மாசங்கூட மீன் கடையில பாத்தேன்."

"அடுத்த தடவ பாத்தா, எங்கம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க. சுருங்கிடுச்சாம்னு சொல்லுங்க." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அவங்க வீட்டுல ரொம்ப நாள் வேண்டிக்கிட்டாங்க மாமா. பலிச்சது அவங்களுக்குத் தெரியணும்ல."

சொல்கிறேன் என்றேன். அவள் திரும்பிக் காருக்குப் போனாள். போய், அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, அவள் இடுப்பில் பெல்ட்டைச் சரியாகப் போட்டுவிட்டாள்.